எங்கள் லீக் டெஸ்ட் மேசையில் யூஆர்3இ ரோபோ கை

கோவை ஆவாரம்பாளையம் பக்கம் எங்கள் பட்டறை. காற்றழுத்தத்தில் இயங்கும் நியூமாட்டிக் வால்வுகளுக்கான அலுமினிய பாடிகளை விஎம்சி என்ற மில்லிங் மெஷினில் வெட்டி, கழுவி, காற்று கசிகிறதா என்று சோதித்து அனுப்புவதுதான் தொழில். அப்பா ஆரம்பித்தது, இப்போது உற்பத்தியை நான் பார்த்துக்கொள்கிறேன். அந்த லீக் டெஸ்ட் மேசையில் டென்மார்க்கின் யுனிவர்சல் ரோபோட்ஸ் தயாரிக்கும் யூஆர்3இ என்ற சின்ன ரோபோ கையை வைத்திருக்கிறோம். பக்கத்து யூனிட்காரர்கள் வந்து பார்க்கிறார்கள். எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒன்றுதான்: சுற்றிப் பாதுகாப்பு வேலி இல்லாமல் ஓடுமா, எவ்வளவு எடை தூக்கும், நம்ம ஆளுங்களுக்கு இது வருமா, போட்ட காசு திரும்புமா. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேகத்துக்காக இந்தக் கையை வாங்காதீர்கள். தொட்டுப் பார்த்துப் பதமாக அமுக்க வேண்டிய வேலை, ஒரு மேசைக்குள் அடங்கும் வேலை, அடிக்கடி மாடல் மாறுகிற வேலை என்றால் தாராளமாக வாங்கலாம். நான் இதில் பெரிதாக மதிப்பது வேறு ஒன்று. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து வருஷக்கணக்கில் அதே வேலையைச் செய்தவரே இதற்குக் கற்றுக்கொடுக்கலாம். வெளியிலிருந்து புரோகிராமர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சின்னப் பட்டறைக்கு இதன் மதிப்பு கேட்டலாகில் போடும் எந்த எண்ணிலும் தெரியாது.

கையின் எடை 11.2 கிலோ. அடித்தட்டின் விட்டம் 128 மி.மீ. தான், நாலு போல்ட்டில் மேசையோடு நிற்கிறது. ஆறு மூட்டு. ஒவ்வொன்றும் இரண்டு பக்கமும் 360 டிகிரி திரும்பும், கடைசி மூட்டுக்கு வரம்பே கிடையாது. நடுவிலிருந்து 500 மி.மீ. எட்டும், 3 கிலோ தூக்கும். கன்ட்ரோல் பாக்ஸ் மேசைக்குக் கீழே இருக்கிறது. சிங்கிள் ஃபேஸ் சப்ளை போதும், சாதாரண ஓட்டத்தில் சுமார் 100 வாட் இழுக்கும். எர்த்தை மட்டும் எலக்ட்ரீஷியனை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், பழைய கட்டடங்களில் அதை நம்ப முடியாது. சத்தம் என்று ஒன்று இல்லை. பக்கத்தில் ஓடும் கம்ப்ரஸர்தான் கேட்கும்.

இந்த 3 கிலோவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது பாகத்தைப் பிடிக்கும் கிரிப்பரையும் சேர்த்த கணக்கு. எலக்ட்ரிக் கிரிப்பர் போட்டால் அதுவே ஏறக்குறைய ஒரு கிலோ வரும். விரல்கள், பிராக்கெட், கேபிள் எல்லாம் போக மிச்சம்தான் உங்கள் பாகத்துக்கு. எங்கள் பாடி உள்ளங்கைக்குள் அடங்குகிற சைஸ், அதனால் பிரச்சினை இல்லை. பம்ப் கேசிங் தூக்கலாமா என்று கேட்டு வருகிறவர்களிடம் வேண்டாம் என்று நேரடியாகச் சொல்லிவிடுவேன். அதற்கு இதே குடும்பத்தில் பெரிய கைகள் இருக்கின்றன: யூஆர்5இ என்றால் 5 கிலோ தூக்கும், 850 மி.மீ. எட்டும்.

எட்டும் தூரமும் அப்படித்தான். 500 மி.மீ. என்றால் ஒரு மீட்டர் விட்டத்துக்கு வட்டம் போட்டு உள்ளே எல்லாம் கிடைக்கும் என்று நினைக்கத் தோன்றும். அடித்தட்டுக்கு நேர் மேலேயும், அதை ஒட்டியும் ஓர் உருளை அளவுக்கு இடம் கைக்குச் சரியாக வராது. வட்டத்தின் விளிம்பில் கை முழுக்க நீண்டுவிடும், அங்கே நேர்க்கோட்டில் இறக்கச் சொன்னால் திணறும். நல்லபடியாக வேலை செய்யும் இடம் நடுவிலுள்ள ஒரு வளையம்தான். மேசையில் அட்டை வெட்டி டிரே, பாகத்தை உட்காரவைக்கும் ஃபிக்ஸ்சர், ரிஜெக்ட் பெட்டி மூன்றையும் அந்த வளையத்துக்குள் வைத்துப் பார்த்த பிறகுதான் நாங்கள் துளை போட்டோம். யுனிவர்சல் ரோபோட்ஸ் இலவசமாகத் தரும் யூஆர்சிம் என்ற சிமுலேட்டர் இருக்கிறது. கை வருவதற்கு முன்பே அதை லேப்டாப்பில் போட்டு ஓட்டிப் பார்க்கலாம். திரையில் வருவது, கையோடு தரும் பெண்டன்ட் என்ற திரைப்பலகையில் வரும் அதே மென்பொருள்.

சரி, வேலைக்கு வருகிறேன். எங்கள் லீக் டெஸ்ட் பிரஷர் டீகே முறை. பாடியை அடாப்டரில் ஏற்றி, உள்ளே காற்றை நிரப்பி, கொஞ்சம் நிதானப்பட விட்டு, குறிப்பிட்ட நேரத்தில் அழுத்தம் எவ்வளவு இறங்குகிறது என்று கருவி அளக்கும். ஒரு சுழற்சியில் பெரும்பகுதி இந்தக் காத்திருப்பிலேயே போய்விடும். ஆள் எவ்வளவு வேகமாக மாட்டினாலும் கருவி தன் நேரத்தை எடுத்துக்கொள்ளும். அதனால்தான் கோபாட், அதாவது ஆளுக்குப் பக்கத்திலேயே வேலை செய்யும் இந்த வகை ரோபோ, இங்கே பொருந்துகிறது. கையின் வேகம் இந்தக் கணக்கில் பெரிய விஷயமே இல்லை. இதே கையை நொடிக்கு ஒன்று எடுத்துவைக்கும் பேக்கிங் வேலையில் போட்டால் நிச்சயம் ஏமாற்றம்தான். அதற்கு வேகமாக எடுத்துவைப்பதற்கென்றே இருக்கும் ஸ்காரா ரோபோ பார்க்க வேண்டும், வேலியும் போட வேண்டும்.

இந்த டெஸ்டில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. அளப்பது காற்றழுத்தம் என்பதால் சூடு மாறினால் ரீடிங்கும் மாறும். ஆள் கையில் பிடித்துக்கொண்டே இருக்கும் அலுமினியம் மெல்ல வெதுவெதுப்பாகும். எல்லோரும் ஒரே மாதிரி பிடிப்பதில்லை, ஒரே நேரம் பிடிப்பதும் இல்லை. ஒரே பாடியைக் காலை ஷிஃப்டில் பாஸ் என்றும் மதியம் ஃபெயில் என்றும் எழுதிவைத்த ரிப்போர்ட்டுகளைப் பார்த்துக் கஸ்டமரின் குவாலிட்டி ஆட்கள் எங்களைக் கேட்ட கேள்விகள் கொஞ்சம் அல்ல. கிரிப்பரின் நைலான் விரல்கள் பாகத்தைச் சூடாக்காது. ஒரே இடத்தில் பிடிக்கும், ஒரே நேரத்தில் விடும். ரீடிங் இப்போது ஒன்றோடொன்று ஒத்துப்போகிறது. எனக்கு இந்தக் கை தந்த முதல் நிம்மதி அது.

எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி அமுக்குவது. பாடியை அடாப்டரில் இறக்கும்போது ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தின் மேல் உட்கார வேண்டும். கண்மூடித்தனமாகத் தள்ளினால் ஓ-ரிங் சுருண்டுவிடும், இல்லை வெட்டுப்பட்டுவிடும். யூஆர்3இ கையின் நுனியிலேயே விசையையும் முறுக்கையும் அளக்கும் சென்சார் இருக்கிறது. மெதுவாக இறங்கு, ஏதாவது தட்டினால் நில், பிறகு இத்தனை நியூட்டன் விசையோடு கீழே அமுக்கு என்று பெண்டன்ட்டில் அடுக்கிவிடலாம். புரோகிராம் வரிகள் எழுத வேண்டியதில்லை, பட்டியலிலிருந்து எடுத்து வரிசையாக வைத்தால் போதும்.

எங்களுக்கு அமைத்துக்கொடுத்தவர்கள் நேராகக் கீழே அமுக்குகிற மாதிரி வைத்துவிட்டுப் போனார்கள். லீக் டெஸ்ட் பெஞ்சில் ரொம்ப நாளாக இருக்கும் அக்கா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கண்ணு, இது ஒரே அமுக்கா அமுக்குதுங்க. ஓ-ரிங் மடங்கிக்கும். நாங்க லேசா ஒரு திருகு திருகித்தானே இறக்குவோம்" என்றார். அவர் சொன்னதுதான் சரி. அன்றைக்கே அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, கீழே அமுக்கும்போதே கடைசி மூட்டைக் கொஞ்சம் இப்படியும் அப்படியும் திருப்புகிற மாதிரி மாற்றினோம். எந்தப் பக்கம், எவ்வளவு என்று அவர்தான் சொன்னார். ஓ-ரிங் வீணாவது குறைந்துவிட்டது. அந்த அக்கா பத்தாவது படித்தவர். இப்போது புது மாடல் வந்தால் எடுக்கும் இடம், இறக்கும் இடம், திருகும் அளவு எல்லாவற்றையும் அவரே மாற்றுகிறார்.

மாற்றுவது சுலபம் என்பதற்கு இன்னொரு காரணம், கையைப் பிடித்து இழுத்தே காட்டலாம். பெண்டன்ட்டின் பின்பக்கப் பொத்தானை அழுத்திக்கொண்டால் கை தளர்ந்துவிடும். வேண்டிய இடத்துக்கு நகர்த்தி, இந்த இடத்தை வைத்துக்கொள் என்றால் வைத்துக்கொள்ளும். துல்லியமாக வைக்க வேண்டிய கடைசி ஒரு மில்லிமீட்டரைத் திரையிலுள்ள அம்புக்குறிகளால் நகர்த்துவதுதான் நல்லது. நம் கையால் இழுத்தால் அந்த அளவுக்கு வராது. 12 அங்குலத் தொடுதிரை, எண்ணெய்க் கையோடு தொடாதீர்கள் என்று ஒரு துணியைப் பக்கத்திலேயே தொங்கவிட்டிருக்கிறோம்.

விசை சென்சாரால் வந்த ஒரு நன்மையை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. கை எந்த உயரத்தில் தட்டுகிறது என்பதும் ஒரு தகவல். வழக்கமான உயரத்துக்கு மேலேயே தட்டினால் உள்ளே சிப்ஸ், அதாவது உலோகத் துருவல் இருக்கிறது, இல்லையென்றால் விளிம்பில் நிற்கும் பிசிறான பர் எடுக்காமல் வந்திருக்கிறது. வழக்கத்தைவிடக் கீழே போனால் ஓ-ரிங் இல்லை. நாங்கள் அந்த உயரத்தை ஒரு வேரியபிளில் எடுத்து, வரம்புக்கு வெளியே போனால் டெஸ்டுக்கே அனுப்பாமல் தனிப் பெட்டியில் போடச் சொல்லிவிட்டோம். ஆனால் இந்தச் சென்சாரை, விசையை அளப்பதற்கென்றே இருக்கும் லோட் செல் மாதிரி நம்பக் கூடாது. 30 நியூட்டன் வரைதான் அதன் வீச்சு, துல்லியம் 3.5 நியூட்டன் என்று தயாரிப்பாளரே தருகிறார். 20 நியூட்டனில் அமுக்கு என்றால் சரியாகச் செய்யும். ஸ்பிரிங்கின் விசையை அளந்து ரிப்போர்ட் எழுதும் வேலைக்கு இது ஆகாது. அப்புறம், ஒவ்வொரு முறையும் அமுக்கும் முன் சென்சாரைப் பூஜ்ஜியமாக்கும் ஒரு வரி வேண்டும். இல்லையென்றால் ரீடிங் மெல்ல நகர்ந்துகொண்டே போகும்.

கேட்டலாகில் ±0.03 மி.மீ. என்று போட்டிருக்கிறார்களே, அதைப் பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். அது ஒருமுறை கற்றுக்கொடுத்த இடத்துக்குத் திரும்பத் திரும்ப வருவதற்கான அளவு. கற்றுக்கொடுக்காமல், எக்ஸ் இத்தனை, ஒய் இத்தனை என்று கணக்குப் போட்டு அனுப்பினால் அந்தத் துல்லியம் வராது. டிரேயில் நாலு மூலையைக் கற்றுக்கொடுத்தால் நடுவிலுள்ள குழிகளைக் கையே கணக்கிட்டுக்கொள்ளும் வசதி உண்டு. அதை நம்புவதற்கு டிரே நன்றாக இருக்க வேண்டும். வளைந்த பிளாஸ்டிக் டிரேயை வைத்துக்கொண்டு கையைக் குறை சொல்லிப் பயனில்லை. நாங்கள் டிரேயையே அலுமினியத் தகட்டில் மில்லிங் செய்துகொண்டோம்.

பழைய கை ஒன்று மலிவாக வருகிறது, வாங்கலாமா என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் வரலாறு. இந்த நிறுவனம் 2005-இல் ஓடென்ஸ் நகரில், தெற்கு டென்மார்க் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த மூன்று பேர் ஆரம்பித்தது. முதல் கையை 2008-இல் லினாடெக்ஸ் என்ற டேனிஷ் நிறுவனத்துக்கு விற்றார்கள். 2015-இல் அமெரிக்காவின் டெராடைன் 285 மில்லியன் டாலருக்கு வாங்கியது. அதே வருஷம்தான் யூஆர்3 வந்தது. பெயரின் கடைசியில் 'இ' சேர்ந்த தலைமுறை 2018-இல் வந்தது. விசை சென்சார் கைக்குள்ளேயே வந்தது இந்தத் தலைமுறையில்தான். அதற்கு முந்தைய யூஆர்3, மோட்டார் இழுக்கும் கரன்ட்டை வைத்து விசையைக் குத்துமதிப்பாகத்தான் சொல்லும். எடுத்துவைக்கும் வேலைக்கு அது போதும், எங்களைப் போல ஓ-ரிங் மேல் உட்காரவைக்கும் வேலைக்குப் போதாது. ஆகவே பழசு வாங்கினால் பெயரில் 'இ' இருக்கிறதா என்று பாருங்கள்.

தமிழ்நாட்டிலேயே யூஆர் கைகளை ரொம்ப நுணுக்கமான வேலைக்குப் பயன்படுத்தும் இடம் உண்டு. அரவிந்த் கண் மருத்துவமனையோடு சேர்ந்த மதுரை ஆரோலேப், கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் தயாரிப்பில் இவற்றை ஓட்டுகிறது. நான் படித்த வரிகளிலேயே என்னைத் துணிந்து விசாரிக்கவைத்தது அதுதான். குறைந்த விலையில் லென்ஸ் கொடுக்க வேண்டும் என்பதற்காகவே தொடங்கிய நிறுவனம் ஒரு செலவைச் செய்கிறது என்றால் அதற்குக் கணக்கு இருக்கும்.

வேலி இல்லாமல் ஓடுமா என்ற கேள்விக்கு என் பதில்: ஓடும், ஆனால் கை வாங்கினால் மட்டும் அந்த உரிமை வந்துவிடாது. கை பத்திரமானது என்று விற்பவர்கள் சொல்வார்கள். பத்திரமாக இருக்க வேண்டியது கை, கிரிப்பர், பாகம், மேசை எல்லாம் சேர்ந்த முழு வேலையும். கையில் கத்தி முனை உள்ள பாகத்தைப் பிடித்துக்கொண்டு ஓடினால் கை எவ்வளவு மென்மையாக நின்றாலும் முனை குத்தும். ரோபோவும் ஆளும் பக்கத்தில் வேலை செய்வதற்கென்று 2016-இல் ஐஎஸ்ஓ/டிஎஸ் 15066 என்ற சர்வதேச ஆவணம் வந்தது. உடலின் எந்த இடத்தில் எவ்வளவு விசை படலாம் என்று 29 இடங்களுக்கு அதில் அட்டவணை இருக்கிறது. அந்த விஷயங்களை 2025-இல் புதுப்பித்த, தொழிற்சாலை ரோபோ பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 10218-இல் சேர்த்துவிட்டார்கள். இதைப் படிக்காமல் வேலியைக் கழற்றாதீர்கள். உங்களிடம் வேலை பார்ப்பவர்களின் விரல் அது.

நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். கிரிப்பர் திறக்கும் அளவை, பாகத்துக்கும் தாடைக்கும் நடுவே விரல் நுழைய முடியாதபடி சில மில்லிமீட்டரோடு நிறுத்தினோம். தாடையின் எல்லா விளிம்பையும் வட்டமாக்கினோம். கை முகத்தின் உயரத்துக்கு வரவே கூடாது என்பதற்காக மேலே ஒரு கற்பனைச் சுவர் வைத்தோம். சேஃப்டி செட்டிங்கில் அப்படி ஒரு தளத்தை வரைந்துவிட்டால் கை அதைத் தாண்டாது. ஆள் கிட்டே வந்தால் வேகம் குறைய ஒரு சென்சார். சேஃப்டி செட்டிங் பாஸ்வேர்டுக்குள் இருக்கிறது, அது எனக்கும் மெயின்டனன்ஸ் பையனுக்கும் மட்டும் தெரியும். திரையின் மூலையில் அந்த செட்டிங்குக்கான ஒரு சின்னக் குறியீடு எப்போதும் தெரியும், யாராவது எதையாவது மாற்றினால் அது மாறிவிடும். அதைப் பலகையில் எழுதி ஒட்டியிருக்கிறோம். ஷிஃப்ட் தொடங்கும்போது இரண்டும் ஒன்றா என்று பார்த்துவிட்டுத்தான் ஓட்டுவோம். கன்ட்ரோல் பாக்ஸுக்குள் சேஃப்டி ஒயர்கள் போகும் டெர்மினல் மஞ்சள் நிறம், சாதாரண சிக்னலுக்குச் சாம்பல் நிறம். வயரிங் செய்ய வந்த எலக்ட்ரீஷியனுக்கு அதுவே பாதி வேலையைக் குறைத்தது.

எங்களுக்கு அமைத்துக்கொடுத்த கம்பெனியின் பெயரை எழுதப் போவதில்லை. ஆனால் அவர்கள் விட்டுப்போனதை எழுத வேண்டும், மற்றவர்கள் பணம் கொடுக்கும் முன் கேட்டு வாங்கட்டும். எல்லா இடங்களையும் கையின் அடித்தட்டிலிருந்து அளந்தபடி பதிவுசெய்து கொடுத்தார்கள். டெமோ நாளில் அழகாக ஓடியது. மேசையைக் கழுவ ஃபிக்ஸ்சரைக் கழற்றி மாட்டியதும் எல்லா இடமும் தப்பிப்போயிற்று. ஃபிக்ஸ்சரின் மேல் மூன்று புள்ளி தொட்டு ஒரு தளம் வரையறுத்து, எல்லா இடங்களையும் அந்தத் தளத்தை வைத்துப் பதிவுசெய்திருந்தால், மூன்று புள்ளியை மறுபடி தொட்டால் போதும். இந்த வசதி மென்பொருளிலேயே இருக்கிறது. கிரிப்பரின் எடையையும் அதன் எடைமையத்தையும் சரியாகப் போடவில்லை. அதனால் கையைத் தளர்த்தும்போதெல்லாம் அது தானாகக் கீழே இறங்கப் பார்த்தது. இதற்கும் கையே நாலு நிலைகளில் நின்று எடையை அளந்துகொள்ளும் வழி உண்டு. இரண்டையும் நாங்களே, யுனிவர்சல் ரோபோட்ஸ் இணையத்தில் இலவசமாக நடத்தும் பாடங்களைப் பார்த்துச் சரிசெய்தோம். அந்தப் பாடங்களை வாங்கும் முன்பே முடித்துவிடுங்கள். அமைத்துக்கொடுப்பவரிடம் என்ன கேட்பது என்று அப்போதுதான் தெரியும்.

கரன்ட் பற்றி எல்லோரும் கேட்பார்கள். மின்சாரம் போனால் மூட்டுகளில் பிரேக் பிடித்து, கை இருந்த இடத்திலேயே நின்றுவிடும். கீழே விழாது. திரும்ப வந்ததும் ஒவ்வொரு மூட்டும் டக் டக் என்று பிரேக்கை விடுவித்துக்கொள்ளும். தான் எங்கே இருக்கிறோம் என்று அதற்கே தெரியும், ஆரம்ப இடத்துக்குப் போய்த் தொடங்கும் ஹோமிங் வேண்டாம். ஆனால் பாடி பாதி அமுக்கிய நிலையில் நின்றிருந்தால் புரோகிராமை முதலிலிருந்து தொடங்கும்போது எப்படிப் பத்திரமாக மேலே வர வேண்டும் என்று நீங்கள்தான் எழுதிவைக்க வேண்டும். ஜெனரேட்டருக்கு மாறும் அந்த இடைவெளிக்காக கன்ட்ரோல் பாக்ஸுக்கு ஒரு யூபிஎஸ் வைத்துவிட்டோம்.

குறைகள் என்று பார்த்தால், என்னை அதிகம் தொந்தரவு செய்வது காற்றுக்குழாய். இந்தக் கைக்குள் நியூமாட்டிக் லைன் போகாது, ஹோஸை வெளியே வெல்க்ரோ பட்டையால் கட்டித்தான் கொண்டுபோக வேண்டும். கடைசி மூட்டு எல்லையில்லாமல் சுற்றும் என்று சந்தோஷப்பட்டோமே, ஹோஸ் கட்டியதும் அந்தச் சந்தோஷம் முடிந்தது. எங்களுக்குச் சின்னத் திருகல் போதும், சமாளிக்கிறோம். ஸ்க்ரூ முடுக்குபவர்கள் எலக்ட்ரிக் டூல் போட்டு, அதன் கேபிளையும் யோசித்துத்தான் வாங்க வேண்டும். அடுத்தது, கை ஐபி54. தூசு, கொஞ்சம் தெளிப்பு தாங்கும். கூலன்ட் பீய்ச்சும் விஎம்சிக்குள் கையை விடும் யோசனை இருந்தால் அதற்கான உறை போட வேண்டும், என்னைக் கேட்டால் வேறு வழியே பார்க்கலாம். நேர்க்கோட்டில் போகச் சொல்லும்போது மணிக்கட்டு மூட்டுகள் ஒரே கோட்டில் வந்துவிட்டால் கை மந்தமாகும், சில நேரம் நின்றும்விடும். ஆறு மூட்டுக் கைகள் எல்லாவற்றுக்கும் இது உண்டு. அந்த இடத்தைக் கடக்க இன்னொரு நிறுத்தம் சேர்த்தால் தீரும்.

விலை. கை விலையை மட்டும் கேட்டு முடிவெடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. கிரிப்பர், விரல்கள், டிரே, ஃபிக்ஸ்சர், சென்சார், மேசை, வயரிங், அமைத்துக்கொடுத்த கூலி எல்லாம் சேர்ந்து எங்களுக்குக் கையின் விலைக்கு ஏறக்குறைய சமமாக வந்தது. மில்லிங் நம்மிடமே இருந்ததால்தான் அந்த அளவோடு நின்றது. கல்யாணத்தில் மண்டப வாடகையை மட்டும் கேட்டுத் தேதி குறிப்பது போலத்தான் கை விலையை மட்டும் கேட்டு ஆர்டர் போடுவதும்.

இதைவிட மலிவாகச் சீனக் கைகள் நிறைய இருக்கின்றன. டோபாட், ஜாகா இரண்டிலும் 3 கிலோ வகை உண்டு. நொய்டாவின் ஆட்வெர்பும் கோபாட் செய்கிறது. ஃபேனக்கின் சிஆர்எக்ஸ், ஏபிபியின் கோஃபா எல்லாம் பெரும்பாலும் கொஞ்சம் பெரிய கைகள். எடுத்துவைக்கும் வேலை மட்டும் என்றால் மலிவான கையை யோசிப்பதில் தப்பே இல்லை. நான் யூஆரில் நின்றதற்கு விசை சென்சார் உள்ளேயே இருப்பது ஒரு காரணம், படிக்கக் கிடைக்கும் பாடங்கள் இன்னொரு காரணம். சின்ன யூனிட்டில் ஒரே ஆள் லீவு போட்டாலும் வேலை நிற்கக் கூடாது. ரெண்டு பேர், மூணு பேர் கற்றுக்கொள்ளக்கூடிய கருவி வேண்டும்.

ஆட்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கை வருகிறது என்றதும் பெஞ்சில் இருந்த இரண்டு பெண்களுக்கும் முகம் வாடிவிட்டது. வேலை போகாது என்று அப்பாவும் நானும் உட்கார்ந்து பேசினோம், எழுதியும் கொடுத்தோம். நாள் முழுக்க ஒரே இடத்தில் உட்கார்ந்து கட்டை விரலால் அமுக்கி அமுக்கி அவர்களுக்கு மணிக்கட்டு வலி இருந்தது எனக்குத் தெரியும். அதைக் கையிடம் தள்ளிவிட்டதில் எனக்கு எந்தச் சங்கடமும் இல்லை. அவர்களில் ஒருவர் இப்போது கையையும் கருவியையும் பார்த்துக்கொள்கிறார், இன்னொருவர் ரிஜெக்ட் ஆன பாடிகளில் கசிவு எங்கே என்று தண்ணீரில் அமுக்கிக் கண்டுபிடித்து மெஷின் ஷாப்புக்குச் சொல்கிறார். முன்பு இதற்கு ஆளே இல்லாமல் ரிஜெக்ட் பெட்டி மாதக்கணக்கில் கிடக்கும். சம்பளத்தைக் கூட்டினோம். முதலாளிகள் இந்தக் கையை ஆள் குறைக்கும் கணக்கில் மட்டும் வாங்கினால், ஓ-ரிங்கைத் திருகி இறக்க வேண்டும் என்று சொல்ல அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். இதை நான் ரொம்பவும் நம்பித்தான் சொல்கிறேன்.

யோசித்துக்கொண்டிருப்பவர்கள் டெமோ பார்க்கப் போகும்போது விற்பவர் வைத்திருக்கும் மரக்கட்டையைத் தூக்கிவைப்பதைப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். உங்கள் பாகத்தையே எடுத்துப் போங்கள், அதில் இறுக்கமாக உட்காரும் ஒன்றை ரோபோ கையால் உட்காரவைத்துக் காட்டச் சொல்லுங்கள். பிறகு ஃபிக்ஸ்சரை ஒரு சென்டிமீட்டர் தள்ளிவைத்துவிட்டு, இப்போது சரிசெய்யுங்கள் என்று கேளுங்கள். அதைச் செய்பவரைப் பார்த்துக்கொண்டிருக்க உங்கள் பெஞ்சில் வேலை செய்பவர் ஒருவரையும் கூட்டிப் போங்கள்.